பழைய இயற்பியல் சோதனைகளில் பிறந்த ஒலிக்கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18, 19ஆம் நூற்றாண்டு ஆய்வகங்களில் நடந்த ஒலி, மின்சாரச் சோதனைகளை எடுத்து, பார்க்க வருபவர்களின் கையும் காதும் சேர்ந்தால்தான் நிறைவு பெறும் படைப்புகளாக மாற்றிய கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த வரையில் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

இது என்ன மாதிரியான கலை? கச்சேரியா, கண்காட்சியா?

பெரும்பாலும் கண்காட்சிதான். ஒரு கூடத்தில் கம்பியோ தொட்டியோ மேசையோ தண்ணீர்க் குழாயோ இருக்கும். மேடையும் கிடையாது, நேரம் குறித்த நிகழ்ச்சியும் கிடையாது. நீங்கள் நடந்து போய்த் தொடுவீர்கள், குடை பிடிப்பீர்கள், தலையைச் சாய்ப்பீர்கள். அதற்கேற்ப ஒலி மாறும். அந்த ஒலியைத் தருவது, யாரோ ஒரு விஞ்ஞானி எப்போதோ கண்டுபிடித்த ஒரு நிகழ்வு.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். இயற்பியல் இங்கே அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை, ஒலியே அதிலிருந்துதான் வருகிறது. அந்த நிகழ்வை நிறுத்தினால் படைப்பும் நின்றுபோக வேண்டும். இந்தப் பக்கத்தில் சொல்லும் ஒவ்வொரு படைப்பையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

ஒரு சோதனை எப்படிக் கலையாக மாறுகிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியே (1931–2021) 1977இல் உருவாக்கிய 'மியூசிக் ஆன் எ லாங் தின் வயர்' என்ற படைப்பைச் சொல்லலாம். நீளமான, மெல்லிய உலோகக் கம்பி ஒன்று கூடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளும் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருக்கும். ஓர் ஆஸிலேட்டரிலிருந்து வரும் ஒற்றைச் சுரத்தின் மின்னோட்டம் கம்பி வழியே ஓடும். ஒரு முனைக்கு அருகில் வலுவான காந்தம் இருக்கும். காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மாறுதிசை மின்னோட்டம் ஓடினால் கம்பி அசையும். இயற்பியலாளர்கள் ஓர்ஸ்டெட்டும் ஃபாரடேயும் 1820, 21இல் கண்ட விஷயம்தான் இது. அந்த அசைவைக் கம்பியைத் தாங்கும் மரப்பாலங்களில் பதித்த மைக்குகள் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

இந்தப் படைப்பு தொடங்கிய இடம் ஒரு வகுப்பறை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் லூசியே ஓர் இயற்பியலாளரோடு சேர்ந்து இசை ஒலியியல் பாடம் நடத்தினார். பிதாகரஸ் காலத்து ஒற்றைத் தந்திக் கருவியின் நவீன வடிவமாக, ஒரு சிறு பலகையில் உலோகக் கம்பி கட்டி, அதன் மேல் மின்காந்தம் வைத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். அந்தப் பலகையை ஒரு கூடத்தின் அளவுக்கு நீட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டுப் பார்த்ததுதான் இந்தப் படைப்பு.

தமிழ்நாட்டில் பழைய பாடத்திட்டத்தில் பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கு இதைப் படித்ததும் ஏதோ நினைவுக்கு வரும். சுரமானியைக் கொண்டு மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் காணும் செய்முறைதான் அது. மின்மாற்றியில் குறைத்த மின்னழுத்தத்தைச் சுரமானிக் கம்பிக்குக் கொடுத்து, நடுவில் காந்தத்தைப் பிடித்து, பாலங்களை நகர்த்திக்கொண்டே போவோம். கம்பியின் மேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழுந்ததும் நீளத்தை அளந்து, கணக்குப் போட்டு, நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான ஐம்பது ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்துவிட்டால் நிம்மதி. இயற்பியல் ரீதியாகப் பார்த்தால் லூசியேயின் கம்பியும் அதே கருவிதான். வேறுபாடு ஒன்றுதான்: நாம் விடை வந்ததும் மின்சாரத்தை அணைத்துவிட்டோம். அவர் அணைக்காமல் விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்படிக் கேட்டபோதுதான் கம்பி ஒரே சுரத்தில் நிற்பதில்லை என்று தெரிந்தது. ஆஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். மின்னோட்டத்தால் கம்பி லேசாகச் சூடாகி நீளும், இழுவிசை குறையும், கம்பி எந்தச் சுரத்துக்கு வலுவாக அதிருமோ அந்த ஒத்ததிர்வு இடம் மாறும். அறையில் காற்று அசைந்தாலும் மாறும். யாராவது பக்கத்தில் வந்து நின்றாலும் மாறும். 1979இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் ஒரு வணிக வளாகத்தில் இதை அமைத்தபோது, கம்பியின் ஒலியை உள்ளூர் வானொலி ஐந்து நாள் இரவும் பகலும் தொடர்ந்து ஒலிபரப்பியது. கடைக்கு வந்தவர்கள் நடக்க நடக்க, கம்பி பாடியது.

பார்வையாளர் பங்கேற்பு என்றால் பொத்தானை அழுத்துவதுதானே?

இல்லை. பல அருங்காட்சியகங்களில் பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த ஒலி ஒன்று ஓடும். அழுத்துவது நீங்களாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் அதே ஒலிதான். அதைப் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் உடலோ அசைவோ அந்த இயற்பியல் நிகழ்வுக்குள் ஓர் அளவாக நுழைய வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் உடம்பு காற்றை மாற்றுகிறது. தட்டின் விளிம்பில் வைத்த உங்கள் விரல் எந்த அதிர்வு பிழைக்கும், எது சாகும் என்று தீர்மானிக்கிறது. அப்போது நீங்கள் சோதனையைப் பார்ப்பவர் இல்லை, சோதனையின் ஒரு பகுதி.

குளியல் தொட்டியைத் தடவினால் இசை வருமாமே? உண்மையா?

உண்மைதான். இதன் கதை 1874இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. எலிஷா கிரே என்ற மின்பொறியாளரின் வீட்டில் அவருடைய உறவினர் சிறுவன் குளியலறையில் விளையாடிக்கொண்டிருந்தான். மற்றக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கத் தூண்டல் சுருள் ஒன்றை எடுத்து லேசாக ஷாக் வாங்கிக்கொண்டிருந்தான். சுருளின் ஒரு முனை துத்தநாகத் தகடு போட்ட, காய்ந்த குளியல் தொட்டியில். மறுமுனை அவன் கையில். இன்னொரு கை தொட்டியைத் தடவியபோது, தொட்டியிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தின் சுருதி, சுருளில் அதிர்ந்து மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுக்கும் துண்டிப்பானின் சுருதியேதான். கிரே இதைக் கவனித்தார். துண்டிப்பானின் வேகத்தை மாற்றினார், தொட்டியின் சுருதியும் மாறியது. அதிலிருந்துதான் கம்பி வழியே சுரங்களை அனுப்பும் அவருடைய இசைத் தந்தி பிறந்தது. 1876 பிப்ரவரி 14 அன்று, அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு விண்ணப்பித்த அதே நாளில், கிரேயும் அதற்கே காப்புரிமை கேட்கப்போவதாகக் காப்புரிமை அலுவலகத்தில் தன் முன்னறிவிப்பைத் தாக்கல் செய்தார். வென்றது பெல். தொட்டியை உலகம் மறந்துவிட்டது.

அமெரிக்கக் கலைஞர் பால் டிமாரினிஸ் மறக்கவில்லை. 1995இல் 'கிரே மேட்டர்' என்ற தொகுப்பை உருவாக்கினார். குளியல் தொட்டி உள்பட, மின்னேற்றம் பெற்ற பொருள்கள் அதில் இருக்கும். அவற்றை நீங்கள் கையால் தடவினால், விரல் நுனியில் ஒரு நடுக்கம் போன்ற உணர்வும் கூடவே ஒலியும் வரும்.

ஏன் வருகிறது? தோலின் மேல் படலம் காய்ந்திருக்கும்போது அது ஒரு மெல்லிய மின்காப்பு. உலோகத்துக்கும் உள்ளே இருக்கும் உடம்புக்கும் நடுவில் மின்னழுத்தம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். தோல் உலோகத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும், உராய்வு கூடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தாளத்திலேயே உராய்வும் ஏறி இறங்கும். கை நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்த மாற்றம் உலோகத்தை அதிர வைக்கிறது, தொட்டி ஒரு ஸ்பீக்கராகிறது. கை நின்றால் ஒலி நிற்கும். கை ஈரமானால் வேலை செய்யாது. கையின் ஓட்டமும் வேண்டும், காய்ந்த விரலும் வேண்டும். ஸ்பீக்கரின் பாதி உங்கள் கை என்பது இங்கே வெறும் பேச்சு இல்லை.

கேட்பது என்ற செயலைத் தொடுவது என்ற செயலோடு இவ்வளவு இறுக்கமாகப் பிணைத்த இன்னொரு படைப்பு எனக்குத் தெரியவில்லை.

மழையில் பாட்டு கேட்பது என்கிறார்களே, அது எது?

அதுவும் டிமாரினிஸ்தான், 1998. பெயர் 'ரெயின்டான்ஸ்'. மேலே வரிசையாகத் தண்ணீர்த் தாரைகள். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு அடியில் நடப்பீர்கள். தாரை குடையில் விழும் இடத்தில் பாட்டு கேட்கும். அடுத்த தாரைக்குப் போனால் வேறு பாட்டு. குடையை விலக்கினால் வெறும் தண்ணீர்ச் சத்தம்.

முதலில் கேட்பவர்கள் குடைக்குள் ஏதோ ஸ்பீக்கர் ஒளிந்திருக்கிறது என்றே நினைப்பார்கள். இல்லை. பாட்டு தண்ணீரில் இருக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் சவார் 1833இல் தண்ணீர்த் தாரைகளை ஆராய்ந்தார். குழாயிலிருந்து மென்மையாக இறங்கும் தாரை கொஞ்ச தூரம் போனதும் துளிகளாகச் சிதறும். பக்கத்தில் ஒரு வாத்தியத்தைக் குறிப்பிட்ட சுரத்தில் வாசித்தால், சிதறும் இடமும் விதமும் மாறுவதை அவர் கண்டார். பரப்பு இழுவிசைதான் காரணம். தாரையின் மேல் உண்டாகும் அலையின் நீளம் தாரையின் சுற்றளவைவிட அதிகமாக இருந்தால், அந்த அலை தானாகவே வளரும். அப்படி வளர்ந்து தாரையை அறுத்துத் துளியாக்கும். தாரையின் விட்டத்தைப் போலச் சுமார் நாலரை மடங்கு நீளமுள்ள அலைதான் மிக வேகமாக வளரும் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு பின்னால் கணக்கிட்டார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் விட்டம், விநாடிக்கு 3 மீட்டர் வேகம் உள்ள தாரை. நாலரை மில்லிமீட்டருக்கு ஒரு துளி என்றால் விநாடிக்குச் சுமார் 670 துளிகள். 670 ஹெர்ட்ஸ் என்பது பாட்டுக்குள் தாராளமாக அடங்கும் சுருதி. ஆக, குழாயின் வாயை ஒரு மெட்டுக்கு ஏற்ப மிக லேசாக அதிர வைத்தால் போதும். தாரையே அந்த அதிர்வைப் பெருக்கிப் பெருக்கி, கீழே வரும்போது மெட்டுக்கு ஏற்பத் துளித்துளியாகப் பிரிந்திருக்கும். துளிகள் குடைத்துணியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை தட்டும். அந்தத் தட்டல்தான் பாட்டு. ஒரு தாரை, மின்சாரமே இல்லாத ஆம்ப்ளிஃபயராக வேலை செய்கிறது. கிரகாம் பெல்லின் உறவினர் சிசெஸ்டர் பெல் 1880களில் இதே நிகழ்வை வைத்து ஒலிக்கருவிகள் செய்யப் பார்த்தார். தொலைபேசியில் அது நிலைக்கவில்லை. தாரை சீராகத் துளியாகும் இதே விதி இன்று சில வகை இன்க்ஜெட் அச்சுப்பொறிகளில் உழைக்கிறது.

தட்டில் மணல் கோலம் போடும் சோதனையும் இதில் சேருமா?

கண்டிப்பாக. எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787இல் வெளியிட்ட சோதனை அது. உலோக அல்லது கண்ணாடித் தட்டில் மெல்லிய மணல் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தால், அதிரும் இடங்களிலிருந்து மணல் ஓடிப்போய் அதிராத கோடுகளில் சேரும். அந்தக் கோடுகளைக் கணுக்கோடுகள் என்கிறோம். மின்னேற்றப்பட்ட பரப்பில் தூசி உருவங்கள் தோன்றுவதை ஜெர்மன் இயற்பியலாளர் லிச்சென்பெர்க் 1777இல் காட்டியிருந்தார். அதைப் படித்துதான் கிளாட்னிக்கு ஒலியையும் இப்படிக் காட்டலாம் என்று தோன்றியது. 1809இல் நெப்போலியன் முன்னால் இதைச் செய்து காட்டினார். இந்த உருவங்களுக்கான கணிதத்தைத் தருபவருக்கு 3,000 பிராங்க் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று முறை முயன்று 1816இல் அந்தப் பரிசை வென்றவர் சோஃபி ஜெர்மெய்ன். பல்கலைக்கழகத்தில் சேர முடியாமல் வீட்டிலிருந்தே படித்த பெண்.

கிளாட்னியின் சோதனையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு கை வில்லை இழுக்கும், இன்னொரு கையின் விரல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த விரல் எங்கே இருக்கிறதோ அங்கே கணு உண்டாகியே ஆக வேண்டும். விரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் உருவமும் சுரமும் சேர்ந்து மாறும். பிறந்தபோதே பங்கேற்புச் சோதனை அது. இன்று இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் ஸ்பீக்கரும் ஆஸிலேட்டரும் வந்துவிட்டதால் அந்த விரல் காணாமல் போய்விட்டது. எனக்கு அது ஒரு குறைதான்.

குரலை வைத்து இதையே செய்தவர் வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ். தன் குரலின் வலிமையை அளக்க 1885இல் 'ஐடோபோன்' என்ற கருவியை அமைத்தார். ஒரு குழாய், ஒரு கிண்ணம், அதன் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வு. சவ்வின் மேல் பொடி தூவிக் குழாயில் பாடினார். பொடி வடிவங்களாகக் கூடுவதைக் கண்டதும் அளவெடுப்பதை விட்டு உருவங்களைத் தேடத் தொடங்கினார். ஈர வண்ணப் பசையைப் பயன்படுத்தி, மலர்களையும் செடிகளையும் போன்ற 'குரல் உருவங்களை'க் கண்ணாடியில் பதித்தார். அவற்றில் சில வேல்ஸின் மெர்தர் டிட்வில் நகரில் உள்ள கிஃபார்த்ஃபா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒலிக்கலை என்ற பெயர் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு பெண் தனியாக இதைச் செய்திருக்கிறார்.

லூசியே 1972இல் இதே பாதையில் 'தி குவீன் ஆஃப் தி சவுத்' எழுதினார். கலைஞர்கள் பாடியோ பேசியோ வாசித்தோ பரப்புகளை அதிர வைத்து, அதில் தூவிய பொடி எப்படி நகர்கிறது என்று பார்த்துத் தங்கள் ஒலியை மாற்றிக்கொள்வார்கள்.

இதில் நம் ஊர்த் தொடர்பு ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் பெரிய தொடர்பு. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் ஒளிச்சிதறலுக்கு முன்பும் பின்பும் வாத்தியங்களை ஆராய்ந்தவர். சாதாரண வட்டச் சவ்வின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவாக இருப்பதில்லை. அதனால்தான் பல முரசுகளில் திட்டமான சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவில் பூசும் கருஞ்சாந்து இதை மாற்றுகிறது என்று ராமன் 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவான கட்டுரை வந்தது. சவ்வின் மேல் மெல்லிய மணலைத் தூவி, வெவ்வேறு தாளச் சொற்களுக்குத் தட்டும்போது கணுக்கோடுகள் எங்கே விழுகின்றன என்று அதில் காட்டினார். கருஞ்சாந்து சவ்வுக்கு நடுவில் எடையைக் கூட்டி, முதல் ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்து இசைவான சுரங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வித்வான் ஒரு விரலைச் சவ்வில் மென்மையாக வைத்துக்கொண்டு இன்னொரு விரலால் அடிக்கும்போது, வைத்த விரல் கணுக்கோட்டின் மேல்தான் இருக்கிறது. கிளாட்னியின் விளிம்பு விரல் செய்யும் அதே வேலை. கணுக்கோடு என்ற சொல்லைக் கேட்டிராத கைகள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. மிருதங்கச் சவ்வையும் மணலையும் வைத்து, வருபவர்களே விரல் வைத்து உருவத்தை மாற்றிப் பார்க்கும்படி ஓர் அமைப்பை நம் ஊரில் யாராவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நெருப்பிலிருந்து ஒலி வருமா?

வரும். குழாய்க்குள் ஹைட்ரஜன் சுடரை வைத்தால் அது பாடுவதை ஹிக்கின்ஸ் 1777இல் கண்டார். 1859இல் நெதர்லாந்தின் ரைக்கே, நிமிர்த்திய குழாயின் அடிப்பாகத்தில், உயரத்தில் கால்வாசி அளவில், சூடாக்கிய கம்பிவலையை வைத்தால் குழாய் உரத்து ஒலிப்பதைக் காட்டினார். குழாயைப் படுக்க வைத்தால் காற்று மேலே ஏறாது, ஒலி உடனே நிற்கும். நிமிர்த்தினால் திரும்ப வரும். கையில் எடுத்துச் சாய்க்கும் அந்த ஒரு செயலுக்காகவே இது எனக்குப் பிடிக்கும்.

டிமாரினிஸின் 'ஃபயர்பேர்ட்ஸ்' (2004) படைப்பில் பறவைக் கூண்டுகளுக்குள் எரிவாயுச் சுடர்கள் பேசும். பேசுவது 20ஆம் நூற்றாண்டு அரசியல் தலைவர்களின் பழைய உரைகள். சுடரில் மின்னேற்றத் துகள்கள் இருப்பதால் மின்புலத்தால் அதை அதிர வைக்க முடியும். பார்வையாளர் இதில் எதையும் மாற்ற முடியாது என்பதால் பங்கேற்பு பற்றி நான் சொன்னதற்கு இது வெளியேதான் நிற்கிறது. ஆனாலும் பேசுவது சுடரே.

தொடாமலே கேட்கும் படைப்புகள்?

தெரமின் வாத்தியத்தைப் பலர் அறிவார்கள். 1920 வாக்கில் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவியோடு வேலை செய்துகொண்டிருந்த லெவ் தெர்மென், தன் கை அருகில் வந்தால் கருவியின் சுருதி மாறுவதைக் கவனித்தார். உடம்பின் மின்தேக்குத்திறன் சுற்றில் புகுந்துவிடுகிறது. அளவீட்டுக்கு அது தொல்லை, அவர் அதையே வாத்தியமாக்கினார். 1965இல் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் நியூயார்க்கில் நிகழ்த்திய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' நடன நிகழ்ச்சியில் மின்னணு வாத்தியங்கள் செய்யும் பொறியாளர் ராபர்ட் மூக் செய்த இப்படிப்பட்ட ஆன்டெனாக்கள் மேடையில் நின்றன. நடனக் கலைஞர்கள் நெருங்க நெருங்க ஒலி மாறியது.

ஆனால் நான் முதலில் பரிந்துரைப்பது ஜெர்மனியின் கிறிஸ்டினா குபிஷ் 2004 முதல் நகரம் நகரமாக அமைத்துவரும் 'எலெக்ட்ரிகல் வாக்ஸ்'. உங்களிடம் ஒரு ஹெட்போனும் ஒரு வரைபடமும் தருவார்கள். ஹெட்போனில் கம்பிச்சுருள்கள் இருக்கும். மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் கண்டதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. அந்த ஹெட்போனோடு தெருவில் நடந்தால் ஏடிஎம் இயந்திரம், கடை வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்புக் கதவு, விளம்பரப் பலகை, டிராம் கம்பி என ஒவ்வொன்றும் தனித்தனிக் குரலில் ஒலிக்கும். சில மெல்லிய ரீங்காரம், சில சீரான தாளம். தலையைத் திருப்பினால் சுருளின் திசை மாறும், ஒலியும் மாறும். எவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் இசையமைப்பு. இருவர் ஒரே தெருவில் நடந்தாலும் ஒரே இசையைக் கேட்க மாட்டார்கள்.

காது வழியாக இல்லாமல் எலும்பு வழியாகக் கேட்கும் மேசை எது?

அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சனின் 'ஹேண்ட்போன் டேபிள்' (1978). சாதாரண மர மேசை போலத் தெரியும், சத்தம் எதுவும் வராது. உட்கார்ந்து, மேசையில் இருக்கும் சிறு குழிகளில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையால் காதுகளை மூடினால் தலைக்குள் இசை கேட்கும். மேசைக்குள் இருக்கும் அதிர்வு, முழங்கை எலும்பு வழியே ஏறி மண்டையோட்டுக்குப் போகிறது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் அலுத்துப்போய், கைகளில் தலையைத் தாங்கி உட்கார்ந்தபோது மேசை வழியாக அதன் ரீங்காரம் கேட்டதில்தான் யோசனை பிறந்தது.

திடப்பொருள் ஒலியைக் கடத்துவதை வைத்து மக்களை வியக்க வைத்தவர் ஆங்கில இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன். 1821இல் லண்டனில், கம்பியில் தொங்கவிட்ட ஒரு யாழ் தானாக இசைப்பதுபோல் காட்டினார். கம்பி கூரையைத் துளைத்து மேல் அறையில் இருந்த வாத்தியத்தின் ஒலிப்பலகையோடு இணைந்திருந்தது. வீட்ஸ்டன் வழியை மறைத்தார், ஆண்டர்சன் உங்கள் கையையே வழியாக்கினார்.

ஏன் பழைய சோதனைகள்? புதியவை போதாதா?

பழைய சோதனைகளில் எதுவும் பெட்டிக்குள் மூடப்பட்டிருக்காது. கம்பி, காந்தம், தண்ணீர், விரல் எல்லாம் கண்முன்னே இருக்கும், கை வைக்க இடம் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொழில்நுட்ப வரலாறு வென்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. ஃபிரான்செஸ்க் சல்வா என்ற மருத்துவர் 1795இல் பார்சலோனாவில் ஒரு மின்தந்தி முறையை முன்வைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கம்பி, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஓர் ஆள். ஷாக் அடித்தால் அந்த ஆள் தன் எழுத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். டிமாரினிஸின் 'தி மெசஞ்சர்' இதை எடுத்துக்கொண்டது. இணையம் வழியே வரும் மின்னஞ்சல்களை, எழுத்துக்கு ஒன்றாக 26 கிண்ணங்கள் உச்சரிக்கும், 26 சிறு எலும்புக்கூடுகள் ஆடும். 2006இல் ஆஸ்திரியாவின் ஊடகக் கலை விழாவான ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவின் ஊடாடு கலைப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. வேலைக்கு ஆகாது என்று கைவிட்ட ஒரு முறை, செய்தி என்பது எப்போதும் யாரோ ஒருவர் உடம்பைத் தொட்டுத்தான் போகிறது என்று காட்டுகிறது. இன்றைய கைப்பேசியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது தெரியாது.

விண்வெளித் தரவையும் துகள் மோதல் தரவையும் ஒலியாக மாற்றுகிறார்களே, அதுவும் இதுதானா?

நல்ல வேலைகள் அதில் உண்டு, ஆனால் இது வேறு, அது வேறு. அங்கே எண்களுக்கு எந்த ஒலி என்று ஒருவர் முடிவு செய்கிறார். அதே எண்களுக்கு வீணையும் வைக்கலாம், மணியும் வைக்கலாம். லூசியேயின் கம்பிக்கு அப்படிக் குரல் மாற்ற முடியாது.

இயற்பியல் தெரிந்தால்தான் ரசிக்க முடியுமா?

வேண்டியதில்லை. குடைக்குக் கீழே நிற்கும் குழந்தைக்கு ராலே பிரபு தேவையில்லை. ஆனால் தெரிந்துகொண்டபின் இன்னொரு முறை கேட்டால் கூடுதலாகக் கேட்கும்.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

மின்சாரம், நெருப்பு உள்ளவற்றை வீட்டில் முயல வேண்டாம். குளியல் தொட்டிச் சோதனையும் அதில் அடக்கம். மின்னோட்டத்தைப் பாதுகாப்பான அளவில் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யும் வேலை அது.

குரல் உருவங்களைத் தாராளமாகச் செய்யலாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு அல்லது மூன்று அங்குல பிவிசி எல்போ ஒன்று வாங்குங்கள். ஒரு பெரிய பலூனின் கழுத்தை வெட்டி, மீதியை எல்போவின் ஒரு வாயில் சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். அந்த வாய் மேலே பார்க்கும்படி வைத்து, பலூனின் மேல் தூள் உப்பை மெல்லிய படலமாகத் தூவுங்கள். மறுவாயில் உதட்டை நெருக்கி, ஊதாமல் 'ஊ' என்று ஒரே சுருதியில் பாடுங்கள். காற்று போனால் பயனில்லை, குரல் போக வேண்டும். கீழ்ச் சுருதியிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஓரிடத்தில் உப்பு திடீரென்று துள்ளி வட்டமாகவோ கோடாகவோ கூடும். அங்கேயே நிறுத்திக் குரலை அசைக்காமல் பிடியுங்கள். மற்றச் சுருதிகளில் உப்பு குழம்பித்தான் கிடக்கும், அது தோல்வி இல்லை. சவ்வு அந்தச் சுருதிக்கு இசையவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விரலைப் பலூனின் ஓரத்தில் லேசாக வைத்து அதே சுருதியைத் திரும்பப் பாடுங்கள். உருவம் மாறும். குழந்தைகள் இருந்தால் ஒருவர் பாட, ஒருவர் விரல் வைக்க, முறை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். குழந்தையின் குரலுக்கும் பெரியவர் குரலுக்கும் உருவங்கள் வேறு வேறு சுருதியில்தான் வசதியாகக் கிடைக்கும், அதனால் ஒருவருக்கு வரவில்லை என்றால் அடுத்தவரை முயலச் சொல்லலாம். உப்பு ஈரமாகிப் பலூனில் ஒட்டத் தொடங்கினால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தூவிக்கொள்ளுங்கள்.